உன் பெயரில் நான் எழுதிய இருபத்திரண்டு வரிகள்

அன்புள்ள அம்மணிக்கு,

ஒரே வீட்டில், ஒரு சுவர் தள்ளி இருந்துகொண்டு கடிதமா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் செய்தியாக அனுப்பினால் நான் முடிப்பதற்குள் நீ பதில் போடத் தொடங்கிவிடுவாய். நேரில் சொன்னால் மூன்றாவது வாக்கியத்திலேயே நான் அழுதுவிடுவேன். நீ ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வருவாய், முதுகைத் தடவிக் கொடுப்பாய், கடைசியில் தப்புச் செய்த எனக்கு நீ ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பாய். பீளமேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் உட்கார்ந்து முப்பது வருடமாக நூல் மில்களுக்குப் புரோகிராம் எழுதிப் பிழைப்பவள் நான். வாயால் சொல்வதைவிட எழுதினால்தான் எனக்குக் கோர்வையாக வரும். வியாழக்கிழமை நீ டென்மார்க்குக்குக் கிளம்புகிறாய். அங்கே எட்டுப் பேர் உன் சொல்லைக் கேட்டு வேலை செய்யப்போகிறார்கள். அதற்கு முன்னால் உனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்பே நான் சொல்லியிருக்க வேண்டியது.

போன சனிக்கிழமை நீ படித்த கல்லூரியில் கடைசி வருடப் பிள்ளைகளுக்குப் பேசினாய் அல்லவா, ஃபங்ஷனல் புரோகிராமிங் பற்றியும் தினமும் கையில் எடுக்கிற கருவிகள் பற்றியும்? நானும் ரஃபீக் மாமாவும் மூன்றாவது வரிசையில் இருந்தோம். என்னோடு ஒரே அறையில் இருபது வருடமாகக் கீபோர்டைத் தட்டுகிற மனிதர், உன்னைப் பள்ளிச் சீருடையில் பார்த்தவர், அதனால் என்னைவிட அவருக்குத்தான் பெருமை தாங்கவில்லை. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு நல்ல ஃபங்ஷன், அதாவது புரோகிராமுக்குள் ஒரு வேலையைச் செய்கிற சின்னத் துண்டு, எப்படி இருக்க வேண்டும் என்று நீ சொன்ன விதம் இன்னும் காதில் நிற்கிறது. "மாவு மில்லுக்காரரு அரிசிய வாங்கி மாவக் குடுக்கோணும். நேத்துக் குடுத்த அதே அரிசிய இன்னைக்குக் குடுத்தா அதே மாவு வரோணும். அதோட நிக்கோணும். போறபோக்குல நம்ம ஊட்டுக்குள்ள வந்து கேஸ் சிலிண்டரையும் மாத்தி வெச்சுபோட்டுப் போனாருன்னா, நல்ல மனுசந்தான், ஆனா நாளைக்கு அடுப்பு பத்தலீன்னா யாரப் போயிக் கேப்பீங்க?" என்றாய். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த பத்து நிமிடத்தில் என்ன வரப்போகிறது என்று அப்போது தெரியாது.

திரையில் உன்னுடைய கடைசி வருட ப்ராஜெக்டை எடுத்துப் போட்டாய். மில் குடோனிலிருந்து தினமும் எந்தெந்தப் பஞ்சு பேலை, அதாவது இறுக்கிக் கட்டிய பஞ்சுப் பொதியை, எடுத்துக் கலப்பது என்று சொல்லும் புரோகிராம். ஒவ்வொரு பேலுக்கும் இழையின் நீளம், பலம், மென்மை என்று பஞ்சைச் சோதிக்கிற லேபில் எடுத்த அளவுகள் உண்டு. நேற்றுக் கலந்ததன் சராசரியும் இன்று கலப்பதன் சராசரியும் ஒன்றாக இருந்தால்தான் நூல் ஒரே சீராக வரும், இல்லாவிட்டால் சாயம் போட்ட துணியில் கோடு கோடாகத் தெரியும். 'மூன்று வாரம் அதில் திணறினேன், சமர்ப்பிக்கிற நாளுக்கு முந்தின நாள் நூற்றிரண்டு காய்ச்சல், விழுந்து தூங்கிவிட்டேன், காலையில் பார்த்தால் புரோகிராம் சரியாக ஓடுகிறது, மயக்கத்தில் எப்போதோ எழுந்து நானே எழுதியிருக்கிறேன்' என்று சொன்னாய். "மூணு வாரமா மூளை அரச்சுட்டே இருந்துது, கை எழுதிபோட்டுது. அன்னைக்குத்தான் இந்தத் தொழில்ல நான் நிப்பேன்னு எனக்கு நம்பிக்க வந்துதுங்க." கைதட்டல். டென்மார்க் கம்பெனிக்காரர்கள் இன்டர்வியூவில் கேட்டபோதும் இதே கதையைத்தான் சொன்னேன் என்றதும் இன்னொரு கைதட்டல். ரஃபீக் மாமா விசில் அடிக்காத குறை.

அப்போதுதான் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அக்கா, நானும் என்ற ப்ராஜெக்ட்ல மூணு வாரமா ஒரே எடத்துல நிக்கறனுங்க. யாரையும் கேக்கவும் கூச்சமா இருக்குதுங்க. எனக்கும் அப்படித் தானா வருமுங்களா?" என்றாள். நீ துளியும் யோசிக்கவில்லை. "வரும் கண்ணு. யாரையும் கேக்க வேண்டாம். நல்லாப் படுத்துத் தூங்கு, காலைல கை தானா எழுதும்" என்றாய். அவள் உட்கார்ந்து அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். மற்றவர்கள் தட்டினார்கள், என் கை மடியிலேயே கிடந்தது.

அம்மணி, அன்றைக்குக் காலையில் எழுதிய கை என்னுடையது.

ஐந்தரை மணிக்கு உன் நெற்றியில் ஈரத்துணி மாற்ற வந்தேன். நீ அனத்திக்கொண்டு தூங்கினாய். மேசையில் லேப்டாப் திறந்தே கிடந்தது; பாஸ்வேர்டு கேட்டது, நம் பழைய நாயின் பெயரைப் போட்டேன், திறந்துகொண்டது. புரோகிராம் சரியாக வேலை செய்கிறதா என்று தானே சோதித்துப் பார்க்கிற டெஸ்ட்டுகள் எழுதி வைத்திருந்தாய், அவற்றில் பதினொன்று சிவப்பாக நின்றன. பத்து மணிக்குச் சமர்ப்பிக்க வேண்டும். சும்மா பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன், சத்தியமாக. பார்த்ததும் தெரிந்துவிட்டது. பேலைத் தேர்ந்தெடுக்கிற உன் ஃபங்ஷன், எடுத்த கையோடு குடோன் லிஸ்டிலிருந்தும் அந்தப் பேல்களை அழித்துக்கொண்டிருந்தது. முதல் முறை ஓட்டினால் சரியான விடை, இரண்டாம் முறை ஓட்டினால் குடோனே பாதி காலி. சராசரி போடுகிற அடுத்த ஃபங்ஷனும் அதே லிஸ்டைத்தான் பார்க்கிறது, அதற்கு எங்கிருந்து சரியான விடை வரும்? இருபத்திரண்டு வரியில் மாற்றி எழுதினேன். குடோன் லிஸ்டை வாங்கிக்கொள்ளும், அதைத் தொடாது; எடுத்தது ஒரு லிஸ்ட், மீதி ஒரு லிஸ்ட் என்று புதிதாக இரண்டைத் திருப்பித் தரும். ஓட்டினேன். பதினொன்றும் பச்சை. அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. பழக்க தோஷம், கமிட்டும் போட்டுவிட்டேன். எதை, எப்போது, யார் மாற்றினார் என்று ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கிற கருவி அது. உன் லேப்டாப்பில் உன் பெயர்தானே இருக்கும்? உன் பெயரிலேயே பதிந்துகொண்டது.

ஏழு மணிக்கு நீ எழுந்தாய். போர்வையைப் போர்த்திக்கொண்டே வந்து திரையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, நான் நடுவுல எந்திரிச்சனா? எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆயிருக்குது!" என்று கத்தினாய். நான் சமையலறையிலிருந்து என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது. "என்னமோ எந்திரிச்சு ஒக்காந்தமாறதான் இருந்துது கண்ணு. கஞ்சியக் குடி." சொல்லாமல் விட்டது ஒரு பங்கு தப்பு என்றால் இந்தப் பொய் மூன்று பங்கு. மூன்று வாரமாக வாடிப்போயிருந்த உன் முகம் அப்படி மலர்ந்திருந்தது, அதைக் கெடுக்க மனசு வரவில்லை. சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் நீ துறையிலேயே முதல் மதிப்பெண் என்று வந்து நின்றாய். வேலை கிடைக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று இருந்தேன். வேலை கிடைத்த அன்று அப்பா தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். இப்படியே தள்ளித் தள்ளி, சொல்லவே வாய் வராத அளவுக்கு விஷயம் வளர்ந்துவிட்டது.

தெரியாமல் செய்த தப்பு என்று தப்பித்துக்கொள்ளவும் எனக்கு வழியில்லை. இதே தப்பை அதற்கு முன்னால் ஒரு முறை செய்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். ரஃபீக் மாமா எங்கள் கம்பெனிக்கு வந்த புதிதில் அவர் எழுதுவது சுற்றிச் சுற்றிப் போகும். அதை அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டே வளர்ந்த வாய்க்கு, ஒருவர் முகத்துக்கு நேராகத் தப்பு என்று சொல்ல எப்படி வரும்? "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் டீ குடிக்கப் போகிற நேரத்தில் நானே உட்கார்ந்து சரிசெய்துவிடுவேன். இரண்டு வருடம் இப்படி ஓடியது. உனக்கு அம்மை போட்டு நான் லீவில் இருந்தபோது காரமடைப் பக்கம் ஒரு மில்லுக்கு அவர் தனியாகப் போகவேண்டி வந்தது. மேனேஜர் சின்னதாக ஒரு மாற்றம் கேட்டிருக்கிறார். இவர் திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது எதுவும் இவர் எழுதியதாக இல்லை. நாலு பேர் பார்க்க ஒரு மணி நேரம் கை பிசைந்துகொண்டு நின்றுவிட்டு வந்திருக்கிறார்.

நான் திரும்பி வந்த அன்று அவர் குரலை உயர்த்தவே இல்லை. "அக்கா, தப்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பேன், அப்புறம் கத்துட்டிருப்பேன். நீங்க நல்லவங்களா இருந்து என்னோட ரெண்டு வருசத்த எடுத்துபோட்டீங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கும் அவரே டீ வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து எங்கள் அறையில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் எழுதியதை மற்றவர் தனியாகத் தொடுவதில்லை. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் வைத்து, இரண்டு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சேர்ந்து பார்ப்போம். சண்டை வரும், வடை வரும், வேலை முடியும்.

சரி, நான்தான் இப்படி என்றால் உங்கப்பா என்னைவிட ஒரு படி மேல். நீ இரண்டாம் வருடம் படிக்கும்போது உன் ஸ்கூட்டர் நாற்பதுக்கு மேல் போகவில்லையே, நினைவிருக்கிறதா? இரண்டு மாதம் அலைந்தாய். கார்புரேட்டரைக் கழுவினாய், பிளக்கை மாற்றினாய், ஒவ்வொன்றாகச் சோதித்து ஒரு நோட்டில் எழுதிக்கூட வைத்தாய். கடைசியில் பார்த்தால், நீ வேகமாகப் போகிறாய் என்று பயந்து, மெக்கானிக்கிடம் சொல்லி ஆக்சிலேட்டர் கேபிளை இழுத்துக் கட்ட வைத்தது உங்கப்பா. "ஏனுங்கப்பா, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே மெதுவாப் போயிருப்பனுங்களே!" என்று நீ கத்திய கத்தில் பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்திவிட்டார்கள். அவர் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். நான் அன்று உன் பக்கம் நின்று அவரைக் கிண்டல் செய்தேன், ஒரு வாரம் செய்தேன். அடுத்த இரண்டாவது வருடம் நானே உன் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். என்னை என்ன சொல்வது?

சனிக்கிழமைக்கு வருகிறேன். கூட்டம் முடிந்து நீ பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்தாய். ரஃபீக் மாமா கேன்டீனில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்கக்கா, புள்ள அப்படிப் பேசியிருக்குது, நீங்க எழவு ஊட்டுக்கு வந்தமாற இருக்கறீங்க?" என்றார். முதல் முறையாக ஒருவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வடையைக் கீழே வைத்துவிட்டார். பிறகு, "சொல்லிப்போடுங்க. ஏர்போர்ட்ல வெச்சு அழுதுட்டுச் சொல்லாதீங்க, ஊட்டுல சொல்லுங்க. அவ கத்தறதுக்கு எடம் வேணுமில்ல?" என்றார். எழுந்தவர் திரும்பி நின்று, "அதுக்கு முன்னாடி அந்தப் புரோகிராம எடுத்து ஒருக்காப் பாருங்க. பாக்காமப் பேசறது நம்ம பழக்கமில்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். உன் ப்ராஜெக்ட் எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில்தானே இருக்கிறது, அதை இறக்கி, ஒவ்வொரு வரியும் எந்த நாளில் வந்தது என்று காட்டும் கட்டளையைக் கொடுத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: உள்ளுக்குள் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அரங்கம் முழுக்கக் கைதட்டியது என் இருபத்திரண்டு வரிக்கு, அது யாருக்கும் தெரியவில்லையே என்று ஒரு சின்னப் பொறாமைகூட இருந்தது, பெற்ற பெண்மேல். மூன்றாவது வரிசையிலிருந்து, கண்ணாடி போடாமல், ஃபங்ஷனின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு என்னுடையது என்று நினைத்துக்கொண்டேன். கிட்டே போய்ப் பார்த்தால் அந்த இருபத்திரண்டில் மிச்சம் இருந்தது இரண்டு வரி. மேலே ஃபங்ஷனின் பெயர், கீழே அதை மூடுகிற அடைப்புக்குறி. நடுவில் இருந்தது எல்லாம் அதற்கு நான்கு மாதம் கழித்து நீ எழுதியது.

ஏன் மாற்றினாய் என்று தேடினேன். மாற்றத்தோடு நீ எழுதி வைத்திருந்த குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. அதன் பொருள் இது: 'என் தவறு. லேபில் அளவு எடுக்காத பேலின் நீளத்தைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டுவிட்டேன், சராசரி கெட்டுப்போகிறது. காய்ச்சலில் எழுதியது, கவனித்திருக்க வேண்டும்.' அதைப் படித்துவிட்டு நான் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அம்மணி, அது உன் தவறே இல்லை. நான் தொழில் பழகிய காலத்து டேட்டாபேஸில் எண் போடுகிற கட்டத்தைக் காலியாக விட்டால் அது பூஜ்யமாகிவிடும். காலி என்றால் பூஜ்யம் என்று முப்பது வருடமாக என் விரலில் ஊறிப்போனது. அந்த ஊறலை உன் ப்ராஜெக்டில் போட்டுவிட்டு நான் கஞ்சி காய்ச்சப் போய்விட்டேன். நீ அதைக் கண்டுபிடித்து, உன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் சரிசெய்திருக்கிறாய். என் பிழைக்கு நீ மன்னிப்புக் கேட்டு கிட்டத்தட்ட ஆறு வருடமாக அது எல்லாரும் பார்க்கிற இடத்தில் கிடக்கிறது.

நீ அதைச் சரிசெய்த விதத்தையும் பார்த்தேன். அளவு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்பதற்கே தனியாக ஒரு வகையை வைத்து, இல்லாததை இல்லை என்றே சொல்லி, அந்தப் பேலைச் சராசரியில் சேர்க்காமல் ஒதுக்கி, ஒதுக்கியதையும் பட்டியல் போட்டுக் காட்டுகிறாய். எனக்கு யாரும் சொல்லித்தராத விஷயம். திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனதும் எங்கள் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். காலியைப் பூஜ்யமாக்குகிற அதே பிழை மூன்று இடத்தில் சுகமாகக் குடியிருக்கிறது. ரஃபீக் மாமாவும் நானும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து உன் வழியில் மாற்ற ஆரம்பித்திருக்கிறோம். குடோன் லிஸ்டைத் தொடாமல் இரண்டு லிஸ்டாகத் தருகிற யோசனை என்னுடையது, அதை உனக்குத் தாரைவார்க்க மாட்டேன். மற்றபடி சனிக்கிழமை திரையில் நின்றது நீ எழுதியது. உன் நம்பிக்கைக்கு நீ சொல்லிக்கொண்டிருந்த காரணம் பொய். காரணம் வேண்டுமென்றால் நான்கு மாதம் கழித்து வந்த அந்த மாற்றத்தைக் காட்டு. அது காய்ச்சல் இல்லாமல், முழு விழிப்பில், நீயே தேடிப் பிடித்தது.

இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். வர வேண்டும். அந்த முதல் மதிப்பெண்ணில் எவ்வளவு உன்னுடையது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி செய்தவள் நான். அன்று பதினோரு டெஸ்ட் தோற்றபடியே கொண்டுபோய்க் கொடுத்து, கம்மியாக மார்க் வாங்கி, அதற்கு அடுத்த வாரம் நீயே கண்டுபிடித்திருப்பாய் என்று இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அந்த வாரத்தை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன், கண்ணு.

இனி அறிவுரை. அம்மா எழுதும் கடிதத்தில் அது இல்லாமல் இருக்குமா? அங்கே உன்னோடு இருக்கப்போகிற எட்டுப் பேரில் ஒருவர் எழுதுவது கோணலாக இருக்கும். ஐந்து நிமிடம் கொடுத்தால் நீயே நேராக்கிவிடலாம் என்று கை அரிக்கும். செய்யாதே. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எது சரியில்லை என்று வாயைத் திறந்து சொல்லு. 'ங்க' போட்டே சொல்லு, ஆனால் சொல்லு. எதை மாற்றினாலும் ஏன் மாற்றினேன் என்று அதோடு நாலு வார்த்தை எழுதி வை, இன்னொருவர் உதவியிருந்தால் அவர் பெயரையும் போடு. டெஸ்ட் சிவப்பாக இருந்தால் அது சிவப்பாக இருக்கிறது என்று முதலில் மற்றவர்களுக்குத் தெரியட்டும். இதெல்லாம் உனக்குத் தெரியாதா என்றால் தெரியும், சனிக்கிழமை இவற்றில் பாதியை நீதான் சொன்னாய். ஆனால் உன் உடம்பில் ஓடுவது என் ரத்தமும் உங்கப்பா ரத்தமும். போன மாதம் எனக்குச் சொல்லாமல் என் லேப்டாப்பில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்தாயே, நான் கண் சரியாகிவிட்டது என்று நம்பி, ஆர்.எஸ்.புரம் கண் டாக்டரிடம் போய்ப் புதுக் கண்ணாடி வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆகவே, ஜாக்கிரதை.

இன்னும் இரண்டு விஷயம், அதோடு முடிக்கிறேன். உன் ப்ராஜெக்டில் சேர்ப்பதற்கு ஒரு சின்னக் குறிப்பு எழுதி என் லேப்டாப்பில் வைத்திருக்கிறேன். இன்ன நாள் காலையில் இந்த ஃபங்ஷனை மாற்றி எழுதியது அம்மா, அதிலிருந்த பிழையும் அம்மாவுடையது, அதைத் திருத்தியது மகள் என்று. அனுப்பவில்லை. அது உன் இடம், சேர்ப்பதா வேண்டாமா என்று நீ சொல்ல வேண்டும். இரண்டாவது, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்த அந்தப் பெண். எனக்கு எல்லாவற்றையும்விட அவள்தான் உறுத்துகிறாள். நீ சொன்னதை நம்பி அவள் இந்த மூன்று நாளும் யாரையும் கேட்காமல் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பாள். கல்லூரியில் விசாரித்து அவளை நானே கூப்பிட்டுப் பேசிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன், கீழே வைத்துவிட்டேன். அவள் கேட்டது உன்னிடம். யாரையாவது கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லி, அவளுக்கு நீ எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுதுவதும் எழுதாததும் உன் முடிவு.

இந்தக் கடிதத்தை உன் பெட்டிக்குள் துணிக்கு நடுவில் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ அங்கே போய்ப் பெட்டியைத் திறந்து படித்துக்கொள்வாய், நான் இங்கே தப்பித்துக்கொள்வேன். புத்தி போகிற போக்கைப் பார். அதனால் கையிலேயே கொடுத்துவிட்டு, நீ படித்து முடிக்கிறவரை உன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பது என்று முடிவு செய்துவிட்டேன். தண்ணீரும் நானே கொண்டுவந்து வைத்துக்கொண்டேன், நீ எழுந்து போக வேண்டியதில்லை.

தலையைத் தூக்கிப் பார், அம்மணி. எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். திட்டு.